பழைய மெர்சிடிஸ் டபிள்யூ 123 டீசல் காரைச் சோதித்து வாங்குவது எப்படி?

கார்ல் பென்ஸ் 1886இல் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரினார். அவரது நிறுவனமும் டைம்லர் நிறுவனமும் 1926இல் இணைந்து மெர்சிடிஸ்-பென்ஸ் உருவாயிற்று. அந்த மரபில் 1976இல் அறிமுகமாகி, பத்தாண்டுகளில் ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் தயாரான டபிள்யூ 123, முறையாகப் பராமரித்தால் இன்றும் அன்றாடம் ஓட்டத் தகுந்த கார் என்பதே என் கருத்து.

முதலில் துருவைத் தேடுங்கள். ஜாக்கி பொருத்தும் இடங்கள், முன் மட்கார்டின் கீழ்விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். எஞ்சினைவிட அரித்துப்போன தகடுதான் பணத்தை விழுங்கும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பே சூடேற்றி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவது நல்லது. சூடான பிறகு ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, அதே வாயின்மீது தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக அதிர்ந்தால் கவலையில்லை. எகிறி விழுந்தால் பிஸ்டன் ரிங்குகள் (சிலிண்டரிலிருந்து வாயு கசியாமல் அடைக்கும் வளையங்கள்) தேய்ந்திருக்க வாய்ப்புண்டு.

இந்த டீசல் எஞ்சினை நிறுத்துவது வெற்றிட அமைப்பு (குழாய்கள் வழியே காற்றை உறிஞ்சி இயங்கும் ஏற்பாடு) என்பதால், சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், எங்கோ ரப்பர் இணைப்பில் காற்றுக் கசிய வாய்ப்புண்டு. சென்ட்ரல் லாக்கும் அதே வெற்றிடத்தால்தான் இயங்குகிறது. ஆகவே எஞ்சினை நிறுத்திச் சற்று நேரம் கழித்து ஓட்டுநர் கதவைப் பூட்டி, மற்றக் கதவுகளும் பூட்டிக்கொள்கின்றனவா என்று கவனியுங்கள். பெரும்பாலும் இது மலிவான பழுதுதான்.

கடைசியாக, வால்வு இடைவெளியை (எஞ்சின் வால்வுக்கும் அதைத் திறக்கும் பாகத்துக்கும் இடையிலான சிறு இடைவெளி) உரிய காலத்தில் சரிசெய்ததற்கான சர்வீஸ் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள்.