பழைய ஃபியட் வாங்கப் போகிறீர்களா? முதலில் கால்மிதியைத் தூக்குங்கள்

எங்கள் வாசலில் நிற்கும் 1984 பத்மினி காரைப் பார்த்துவிட்டு யாராவது கேட்டைத் தட்டினால், அவர்கள் சொல்லப்போவது எனக்கு மனப்பாடம்: "எங்கப்பாகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சுங்க." கண் கலங்கும். கதவைத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்பார்கள். ஹாரனை ஒருமுறை அழுத்தலாமா என்பார்கள். எல்லாம் முடிந்ததும், "இப்ப ஒண்ணு வாங்கணும்னா எப்படிப் பார்த்து வாங்கறது?" அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதுகிறேன்.

நானும் அப்படிக் கண் கலங்கித்தான் முதலில் ஏமாந்தேன். 1994-ல் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்தபோது மாமனாரிடம் ஒரு பத்மினி இருந்தது. பின்னால் பத்மினி என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் வீட்டில், பட்டறையில், பெட்ரோல் பங்கில், எங்கேயும் அது ஃபியட்தான். இத்தாலிக்காரர்களின் ஃபியட் 1100 டி-யை பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்துவந்தது. 1974-லிருந்து சித்தூர் ராணி பத்மினியின் பெயரை வைத்தார்கள். பெயர் மாறியதை நம் ஊர் கண்டுகொள்ளவே இல்லை. அந்த வண்டியில்தான் மாமா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். 1999-ல் விற்றுவிட்டார்.

2006-ல் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தபோது, ஒரு கடலோர ஊரில் அதே சாம்பல் நிறத்தில் ஒன்று இருப்பதாக புரோக்கர் ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஒரே அழுத்தில் ஸ்டார்ட். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் டீயே குடித்தேன். மூன்று மாதம் கழித்து நல்ல மழை. தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறியதும் என் கால் நனைகிறது. மிதியடியைத் தூக்கினால் கீழே தார்ஷீட். அதைக் கிழித்தால் பட்டி, அதாவது ஓட்டையை மறைத்துப் பூசும் பசை. பட்டிக்கு அடியில் மடித்து வைத்த செய்தித்தாள், அதற்கும் அடியில் ரோடு. நான் மூன்று மாதமாகக் காலை ஊன்றியிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிவிளம்பரப் பக்கத்தின் மேல். கடைசியில் எடைக்குத்தான் போட்டேன்.

அதனால் இந்த வண்டியில் எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் நேராக பானெட்டைத்தான் திறக்கிறார்கள். விற்பவருக்கும் அது தெரியும், அங்கேதான் துடைத்து வைத்திருப்பார். 1089 சிசி, நாலு சிலிண்டர், எந்த ஒளிவுமறைவும் இல்லாத எஞ்சின். சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணலாம், பிஸ்டன் ரிங் மாற்றலாம், கிராங்க் கிரைண்டிங் செய்யலாம். பழைய ஆள் ஒருவரும் லேத்தும் இருந்தால் எழுப்பிவிடலாம். ஆனால் ஃபியட்டுக்கு ஜீப் மாதிரி அடியில் தாங்கும் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. தகடுதான் உடம்பு, அதுவேதான் எலும்பு. அது துருவில் போனால் எஞ்சினை எங்கே மாட்டி வைப்பீர்கள்?

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், பழைய பெட்ஷீட், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டால் பெயின்டில் கீறல் விழாது. கதவுகளின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பு, முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டு முடியும் இடம், முன் கண்ணாடியின் ரப்பரைச் சுற்றி என்று ஒட்டிக்கொண்டே வாருங்கள். காந்தம் வழுக்கி விழும் இடமெல்லாம் பட்டி. ஓரிரு இடம் என்றால் பரவாயில்லை, நாற்பது வயது வண்டிக்கு ஒரு தட்டு முட்டு இருக்கத்தான் செய்யும். பெட்டி விளிம்பு முழுக்க வழுக்கினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் மிதியடிகளைத் தூக்குங்கள், நாலு பக்கமும். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அது உட்காரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் வந்து நிற்கும் பள்ளம் அது. பேட்டரி உட்காரும் தட்டையும் பாருங்கள், ஆசிட் தின்றிருக்கும். பெட்ஷீட்டை விரித்துப் படுத்து, அடியில் டார்ச் அடித்து, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு 'டங்' என்னும். செத்த தகடு 'டப்' என்று மண்பானை போலச் சொல்லும். புதிதாகக் கறுப்பு பூசியிருந்தால் இரட்டிப்பு சந்தேகம்.

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள்: வண்டியை ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நின்றபோது சுலபமாக மூடிய கதவு இப்போது இடித்தால், வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம். ஜாக்கி வைத்த இடமே நொறுங்கினால் மேற்கொண்டு சோதனை தேவையில்லை.

என் இரண்டாவது வண்டி, இப்போதுள்ளது, தருமபுரிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் கிடைத்தது. சுண்ணாம்பு பூத்தது போன்ற பெயின்ட், எஞ்சின் இறுகிக் கிடக்கிறது, பின்சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. ஆனால் தட்டின இடமெல்லாம் டங். 2007-ல் 22,000 ரூபாய். எஞ்சின் வேலைக்கு அதைவிடக் கூடவே ஆனது. இன்றும் ஓடுகிறது. உப்புக்காற்று படாத ஊர் வண்டியாகத் தேடுங்கள், அழகு குறைவாக இருந்தாலும் சரி.

சரி, எஞ்சினுக்கு வருவோம். நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் வெள்ளைப் புகை வருவது காலை ஈரம்தான். சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், ஆயில் மூடியின் உள்பக்கம் தயிர் போல அப்பியிருந்தால் ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்பு, போயிருக்கலாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும் நொடியில் மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். இரண்டும் பேரம் பேச உதவும், வண்டியை வேண்டாம் என்று சொல்ல அல்ல.

பேப்பர் விஷயத்தை சோம்பல்படாமல் பாருங்கள். ஆர்.சி. புக்கில் உள்ள சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணையும் பென்சில் அச்செடுத்து ஒப்பிடுங்கள். பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ.விடம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்து 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. பசுமை வரி தனி. புதுப்பிக்காமல் கிடக்கும் வண்டி மலிவாகத்தான் கிடைக்கும், அந்த மலிவு இதில் போய்விடும். ஓனர் இறந்துவிட்டார், வாரிசுகள் நாலு பேர், ஒருவர் துபாயில் என்றால், வண்டி தங்கமாக இருந்தாலும் வாரிசுப் பேப்பர் முடியும்வரை பணம் கொடுக்காதீர்கள். ஐம்பது வயது தாண்டிய வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனால் அதைத் தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி, பராமரிப்பு என்று சிலவற்றுக்குத்தான் எடுக்கலாம். காய்கறி வாங்கப் போகும் எண்ணமிருந்தால் சாதாரணப் பதிவே போதும்.

வாங்கியாயிற்று. இப்போது ஓட்ட வேண்டும். கியர் காலடியில் இல்லை, ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது. இன்றைய கார் ஓட்டுபவர்கள் முதல் நாள் இடது கையைத் தரையில் துழாவுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். மாமா எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "அவசரப்படாத கண்ணு, அது தானா போய் விழும்." நியூட்ரலில் ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். முதல் கியருக்கு வண்டி முழுதாக நின்ற பிறகே போங்கள். ஓடும்போது போட்டால் கரகரவென்று ஊருக்கே கேட்கும். கீழ்க் கியருக்கு இறங்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு, மறுபடி கிளட்சு, அப்புறம் கியர். ஒரு வாரம் கால் குழம்பும். பிறகு யோசிக்காமல் வரும்.

தண்டிலிருந்து கியர் பாக்ஸ் வரை போகும் கம்பிகளின் மூட்டில் இருக்கும் புஷ் என்ற சின்ன வளையம் தேய்ந்தால் கியர் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். எனக்கு இது உக்கடம் சிக்னலில் நடந்தது. பின்னால் மூன்று டவுன் பஸ். இறங்கி, பானெட்டைத் திறந்து, அந்தக் கம்பியைக் கையால் ஒரு உலுக்கு உலுக்கி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். சேலை கட்டிய பொம்பளை நடுரோட்டில் பானெட்டுக்குள் கை விட்டதில், ஹாரன் அடித்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். வாங்கிய முதல் மாதமே புஷ் மாற்றிவிடுங்கள்; சின்னச் செலவுதான்.

பிரேக் நாலு சக்கரத்திலும் டிரம், கால் பலத்துக்கு உதவி எதுவும் கிடையாது. முன்னால் போகும் புதுக் கார் நிற்கும் தூரத்தில் நீங்கள் நிற்க மாட்டீர்கள். இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். அந்த இடத்தில் ஆட்டோ நுழைந்தால் மறுபடி விடுங்கள். மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்து பிடிமானம் போய்விடும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும்.

ஏறுவதற்கும் ஒரு முறை உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது மாமா பர்லியாரில் கட்டாயம் நிறுத்துவார். நாங்கள் மங்குஸ்தான் வாங்குவதற்காக என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளுக்காக. முள் மேலே போனால் ஓரங்கட்டுங்கள். எஞ்சினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். பச்சைத் தண்ணீரைச் சூட்டோடு ஊற்றுவதும் தப்பு. எஞ்சின் ஹெட் அலுமினியம், சட்டென்று வளைந்துவிடும்.

கோடையில் இன்னொரு தொல்லை. உச்சிவெயிலில் ஓட்டிவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் கிளம்பாது. பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருப்பதால் அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துவிடும். செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியைக் கொல்லாதீர்கள். ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுவிட்டு ஒரு இளநீர் குடித்து வாருங்கள். இதற்காகவே டிக்கியில் ஒரு பழைய துண்டு வைத்திருக்கிறேன்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்பின் டயாஃப்ரம் எல்லாவற்றையும் அது இளக்கிவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரலால் நசுக்கிப் பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கு ஓட்டாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கில் பழைய பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்துவதும் ஆகாது. வாரம் ஒருமுறையாவது பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

உதிரிபாகத்துக்கு சென்னை புதுப்பேட்டைதான் முதல் வாசல். பம்பாய் டாக்ஸிகள் ஓடியவரை சாமான் தாராளமாக இருந்தது; கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரில் நின்றுவிட்டது. இனி கிடைக்கும்போது வாங்கி வைப்பதுதான் வழி: கிளட்ச் தட்டு, பம்ப் கிட், முன் கண்ணாடி ரப்பர், டெயில் லைட் கண்ணாடி. 5.20-14 டயர் எங்கே கண்டாலும் விடாதீர்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு வசதி, பழைய புஷ்ஷைக் கொண்டுபோய்க் காட்டினால் அதே மாதிரி கடைந்து கொடுக்க லேத் பட்டறைகள் இருக்கின்றன.

என் டிக்கியில் எப்போதும் இருப்பவை: அந்தத் துண்டு, ஐந்து லிட்டர் தண்ணீர், தீப்பொறிக்கான பாயின்ட் ஒரு செட், அதற்கான கண்டென்சர், ஃபேன் பெல்ட், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு கட்டை, பாயின்ட் இடைவெளி வைக்க ஒரு விசிட்டிங் கார்டு. கார்டு மாமாவுடையது. வண்டியை விற்றபோது டேஷ்போர்டிலிருந்து எடுத்து வைத்தது, ஓரமெல்லாம் கிரீஸ்.