வெளியே சிஎன்ஜி கிட் போட்ட காரை விற்கப் போகிறீர்களா? விளம்பரத்துக்கு முன் இதையெல்லாம் முடியுங்கள்

பெட்ரோல் கார் வாங்கி, அப்புறம் கேஸில் ஓட வெளியே கொடுத்து சிஎன்ஜி கிட் மாட்டியவர்கள் விற்கும்போது முதலில் சொல்வது, "கிட்டுக்கே அவ்வளவு செலவு பண்ணியிருக்கேன் சார்." வாங்க வருபவருக்கு அந்தக் கணக்கு வேண்டாம். கிட்டுக்குப் போட்ட பணம் ஓட்டத்தில் திரும்பி வந்திருக்க வேண்டும். விற்பனையில் அதைக் கேட்டால் கிடைக்காது. கிட் இருக்கும் ஒரே காரணத்துக்காக விலையைக் குறைத்துக் கேட்பார்கள் பாருங்கள், அதைத் தடுக்கலாம். அதில் பாதிக்கு மேல் காகித வேலைதான்.

தமிழ்நாட்டில் பதிவான, சொந்த உபயோகக் காரை வைத்து இதை எழுதியிருக்கிறேன். கம்பெனியிலேயே சிஎன்ஜியோடு வந்த கார் என்றால் முதல் படி உங்களுக்குத் தேவைப்படாது.

படி 1: ஆர்சியில் எரிபொருள் என்ன என்று பாருங்கள்

வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போடுங்கள். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோலோடு சிஎன்ஜியும் சேர்ந்து இருந்தால் நல்லது. பெட்ரோல் மட்டும்தான் இருக்கிறது என்றால் இங்கேயே நில்லுங்கள். மற்ற வேலையெல்லாம் அப்புறம்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, வண்டியில் இப்படி மாற்றம் செய்தால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும். "கிட் மாட்டினவரே எல்லாம் பார்த்துக்குவார்" என்று விட்டுவிட்டவர்கள் நிறைய. ஆர்சியில் ஏறாத கிட் காருக்குக் கடன் கிடைப்பது கஷ்டம். விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்கலாம். 15 வருடம் ஆகி பதிவைப் புதுப்பிக்கப் போனால் அங்கேயும் நிறுத்துவார்கள். விவரம் தெரிந்தவர் இதையெல்லாம் சொல்லித்தான் பேரத்தை ஆரம்பிப்பார்.

ஏற்றுவதற்கு கிட் பில், உங்கள் மாடலுக்கு அந்த கிட் ஒப்புதல் பெற்றது என்பதற்கான சான்றின் நகல், மாட்டிய சென்டரின் சான்று, சிலிண்டர் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கார் மேல் கடன் இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

பிஎஸ்-6 என்ற புகை விதிப்படி வந்த கார் வைத்திருப்பவர்கள் பில் தேதியையும் பாருங்கள். பிஎஸ்-6 பெட்ரோல் கார்களில் வெளியே கிட் மாட்டுவதற்கான விதியை மத்திய அரசு 2022 ஆகஸ்டில்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய தேதியில் பில் இருந்தால் கேள்வி வரும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: டிக்கியைத் திறந்து சிலிண்டரைப் படியுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் கழுத்துக்குப் பக்கத்தில், இரும்பிலேயே எழுத்துகள் அடித்திருக்கும். தயாரித்தவர் குறி, வரிசை எண், கொள்ளளவு, அழுத்தம், சோதித்த மாதம், வருடம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் துணியால் தூசியைத் துடைத்துவிட்டு போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த வரிசை எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா? எண் ஒத்துவராவிட்டால், சிலிண்டர் வேறொரு வண்டியிலிருந்து வந்ததோ என்று சந்தேகப்படுவார்கள். அப்படிச் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

அடுத்தது தேதி. சிஎன்ஜி சிலிண்டருக்கு 3 வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம். சிலிண்டரைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றிப் பார்ப்பார்கள். நிரப்பும் அழுத்தமே 200 பார் என்பதால் இதில் விளையாட்டு கிடையாது. வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ அங்கீகரித்த மையத்தில் மட்டும் செய்யுங்கள். தேதி தாண்டிய வண்டிக்கு பங்கில் கேஸ் பிடிக்க மாட்டார்கள். அடுத்த டெஸ்ட்டுக்கு ஓரிரு மாதம்தான் இருக்கிறது என்றால், நீங்களே செய்து முடித்துவிட்டு விற்பதுதான் லாபம் என்பது என் எண்ணம். இல்லாவிட்டால் டெஸ்ட் செலவைப்போல இரண்டு மடங்கை "அலைச்சல்" என்ற பெயரில் விலையில் குறைப்பார்கள்.

படி 3: இன்சூரன்ஸ் பாலிசியில் கிட் இருக்கிறதா?

பாலிசியில் கிட்டின் மதிப்பு தனியாகப் போட்டிருக்க வேண்டும். வழக்கமாக, சொந்த சேதப் பகுதியில் கிட் மதிப்பில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் பகுதியில் 60 ரூபாயும் கூடுதல் பிரீமியமாக வரும். சின்னத் தொகைதான். இல்லாவிட்டால் கம்பெனியைக் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.

படி 4: இரண்டு எரிபொருளிலும் ஓட்டிப் பாருங்கள்

கேஸிலேயே ஓட்டி ஓட்டி, பெட்ரோலை மறந்துபோன கார்கள்தான் பேரத்தின்போது மாட்டிக்கொள்ளும். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் கெட்டுப்போய் இன்ஜெக்டரும் பம்பும் அடைத்திருக்கும். விற்பதற்கு ஒரு வாரம் முன்பே புது பெட்ரோல் போட்டு, அதில் மட்டும் ஓட்டுங்கள்.

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான கிட்டுகளில் வண்டி பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் தானாக கேஸுக்கு மாறும். மாறும்போது குலுக்குகிறதா, ஏசி போட்டால் திணறுகிறதா, செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். டிக்கியில் கேஸ் வாடை வந்தால் ஓட்டவே வேண்டாம், நேராக கிட் மெக்கானிக்கிடம் போங்கள். வாடை இல்லாவிட்டாலும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்குபவரோடு வரும் மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் பார்ப்பது, ஒவ்வொரு இன்ஜின் சிலிண்டருக்கும் தனி கேஸ் இன்ஜெக்டர் உள்ள சீக்வென்ஷியல் கிட்டா, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் கேஸைக் காற்றோடு கலக்கும் பழைய மிக்ஸர் வகையா என்பதைத்தான். அப்புறம் வால்வு. கேஸில் அதிகம் ஓடிய இன்ஜினில் வால்வு சீட் தேயும். இன்ஜினுக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் ரிப்போர்ட்டை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால், "இன்ஜின் போயிருக்கும் சார்" என்ற வசனத்துக்கு ஒரு தாளை நீட்டினால் போதும். சிலிண்டர் கனத்தில் பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கையும் பார்த்துவிடுங்கள்.

படி 5: ஆளைப் பார்த்து விலை சொல்லுங்கள்

அதே மாடல், அதே வருட பெட்ரோல் கார் உங்கள் ஊரில் என்ன விலைக்குப் போகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். கம்பெனி சிஎன்ஜி காரின் விலையோடு ஒப்பிடாதீர்கள், அந்த விலை வராது.

ஒரு கணக்கு போடுவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15. சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், மைலேஜ் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு பெட்ரோல் செலவு 10,000, கேஸ் செலவு 6,750. மிச்சம் 3,250 ரூபாய். மாதம் 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு மிச்சம் 870 ரூபாய்கூட வராது. அதற்காக அவர் டிக்கியை ஏன் இழக்க வேண்டும்? குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது பெட்டி வைக்க இடமில்லை என்று வீட்டில் திட்டு வாங்குவது அவர்தானே.

அதனால் தினமும் தூரம் ஓட்டுபவர், வீட்டுக்கோ ஆபீசுக்கோ பக்கத்தில் சிஎன்ஜி பங்க் உள்ளவர், இவர்கள்தான் உங்கள் ஆட்கள். சென்னை, கோவை, சேலம் பக்கம் இப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள். பங்க்கே இல்லாத ஊரில் இந்த கார் வெறும் கனமான பெட்ரோல் கார்.

எல்பிஜி கிட் என்றால் நிலைமை இன்னும் கஷ்டம். ஆட்டோக்களை நம்பித்தான் பல எல்பிஜி பங்க்குகள் ஓடுகின்றன. "வீட்டு சிலிண்டர்லயே பிடிச்சுக்கலாம்" என்று மட்டும் விற்பனைப் பேச்சில் சொல்லிவிடாதீர்கள். அது குற்றம், ஆபத்தும்கூட.

படி 6: கிட்டைக் கழற்றிவிட்டு விற்கலாமா?

சிலிண்டர் டெஸ்ட் தாண்டி, ஆர்சியிலும் ஏறாமல், சான்றும் தொலைந்துபோயிருந்தால் கழற்றுவதே மேல். காகிதம் சரியாக இருந்தால் தேவையில்லை. கழற்றினால் இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் போட்ட துளைகளை ஒழுங்காக அடைக்க வேண்டும், ஆர்சியில் ஏறியிருந்தால் திரும்பவும் பெட்ரோல் என்று மாற்ற வேண்டும்.

படி 7: கைமாற்றும் நாள்

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து முடிந்ததும், கிட் பில், ஒப்புதல் சான்று, சிலிண்டர் சான்று, ஹைட்ரோ டெஸ்ட் சான்று எல்லாவற்றையும் வாங்குபவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். எரிபொருளை மாற்றும் ஸ்விட்ச் எப்படி வேலை செய்கிறது என்று காட்டிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். விற்றதை 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் ஆப்பில் புதுப் பெயர் வரும்வரை வாரம் ஒருமுறையாவது வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.