கலசத்தில் தண்ணீர் குறைந்த கதை

நவராத்திரிக்கு வைத்த பித்தளைக் கலசம். காலையில் பார்த்தால் தண்ணீர் கழுத்துக்குக் கீழே இறங்கியிருக்கும், தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசி நனைந்து புளித்த வாடை அடிக்கும். சொம்பில் ஓட்டை என்றே எல்லோரும் சொன்னார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் காட்டினேன். அடியில் பற்றவைத்துக் கொடுத்தார். காசு போனதுதான் மிச்சம். வெறும் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் வைத்தேன். ஒரு சொட்டுகூட இல்லை! தேங்காய் வியர்க்கிறதோ என்று அதையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

அப்புறம்தான் அரிசியைக் கவனித்தேன். ஈரம் ஒரு பக்கம் மட்டும். அங்கே மஞ்சள் கறை. மேலே பார்த்தால், சொம்பைச் சுற்றிய மஞ்சள் நூலின் ஒரு முனையை மாவிலையோடு சேர்த்து உள்ளே செருகியிருந்தது. மறுமுனை அடிவரை தொங்கியது. பருத்தி நூல் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை இழுக்கும். வெளிமுனை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் சொட்டிக்கொண்டே இருக்கும்.

நூலின் இரண்டு முனையையும் வெளியே கழுத்திலேயே முடிந்தேன். தண்ணீரையும் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நிறுத்தினேன். சரி, அரிசி இப்போது காய்ந்தே இருக்கிறது. கலசத்தில் கூர்ச்சம் (தர்ப்பைப் புல்லை முடிந்த சிறு கட்டு) வைப்பவர்கள் அதில் கட்டிய நூலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.