ஃபாக் லைட்டில் வாட் கூட்டினால் முதலில் உருகுவது ஹோல்டர்தான்

டிசம்பர் கடைசி வாரம் டில்லியில் மூடுபனி இறங்கியதும் இங்கே கார் வைத்திருக்கும் நம் ஆட்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இருக்கிற ஃபாக் லைட் பத்தவில்லை, நல்ல பிரைட்டான பல்ப் எது? மூன்று வருடம் முன்னால் நானும் இதையே கேட்டுக்கொண்டு போய், 55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100 வாட் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டாம் நாளே ஃபியூஸ் போனது. கடைக்காரர் 15 ஆம்பியரை எடுத்துவிட்டு 20 போட்டு, "குச் நஹீ ஹோகா", ஒன்றும் ஆகாது என்று அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் விடியற்காலை நாலு மணிக்கு மயூர் விஹாரிலிருந்து விமான நிலையம் போகிறேன், பாதி வழியில் கருகிய வாடை, வலது பக்க லைட் அணைந்துவிட்டது. மறுநாள் பல்பைப் பிடித்து இழுத்தால் ஹோல்டரும் சேர்ந்து வந்தது. இரண்டும் ஒட்டிப்போயிருந்தன, பிளாஸ்டிக் தோசை ஓரம் மாதிரி முறுகலாகப் பழுத்திருந்தது, பின்னால் இருந்த வயரை லேசாக வளைத்ததும் மேல்தோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

குளிர்காலத்தில் போய் சூடு என்ன செய்யும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. வெளியே ஆறேழு டிகிரி இருக்கலாம், ஆனால் ஹாலஜன் பல்பின் கண்ணாடி ஒழுங்காக வேலை செய்யவே 250 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். ஃபாக் லைட்டின் கூடோ ஹெட்லைட்டை விட ரொம்பச் சின்னது, பல கார்களில் ரிஃப்ளெக்டரும் லென்ஸும் பிளாஸ்டிக். சாதாரண நாளில் ஓடும்போது பம்பர் வழியாக அடிக்கும் காற்றுதான் அதை ஆற்றுகிறது. பனியில் நாம் இருபது கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் போகும் லாரியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போகிறோம். அதாவது லைட் அதிக நேரம் எரியும் நாளில்தான் அதற்குக் காற்றே கிடைப்பதில்லை.

கணக்கு எளிது. 12 வோல்ட்டில் 55 வாட் பல்ப் சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் 8.3 இழுக்கும். கரண்ட் இரண்டு மடங்குகூட ஆகவில்லையே என்று தோன்றும், ஆனால் வயரில் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும், அதனால் அதே வயரில் மூன்று மடங்குக்கு மேல் சூடு. அதிலும் மோசமான இடம், வயரை பல்போடு இணைக்கும் கனெக்டருக்குள் இருக்கும் சின்னத் தகடு. அது சூடாகிச் சூடாகித் தளர்ந்துவிடும், தளர்ந்ததும் தொடும் பரப்பு குறையும், மேலே கருப்பு படியும், தடை கூடும், மறுபடி சூடு. இது ஒருமுறை ஆரம்பித்தால் தானாக நிற்காது. முக்கியமான விஷயம், இதை எந்த ஃபியூஸும் பிடிக்காது. ஃபியூஸுக்குத் தெரிவது எவ்வளவு கரண்ட் போகிறது என்பது மட்டும்தான், எந்த இடம் வேகிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் ஃபியூஸ் போகாமல் இருக்கிறதே, எல்லாம் சரி என்று நம்பாதீர்கள். அது போனால் பெரிய ஃபியூஸ் போடவே போடாதீர்கள், போட்டால் அடுத்து ஃபியூஸ் வேலையைப் பார்ப்பது வயர்தான்.

சிலர் பீங்கான் ஹோல்டர் வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஹோல்டர் உருகாது, சரி. ஆனால் அதே மெல்லிய வயர்தானே பின்னால் இருக்கிறது, சூடு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர், அதில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், நடுவில் ரிலே (சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) என்று செய்தால் வயரிங் பிரச்சினை தீரும், கூட்டின் பிரச்சினை தீராது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் 100 வாட் வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு.

இன்னொன்று, பல்பின் காதை, அதாவது அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிடியை, சீவுவது. பல்ப் வகைக்கு ஒரு குறியீடு உண்டு: எச்16 என்றால் 19 வாட், எச்8 என்றால் 35, எச்11 என்றால் 55, எச்9 என்றால் 65. நாலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், காது மட்டும் வேறு வேறு இடத்தில். மாற்றிப் போடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். கடையில் அரத்தை எடுத்துச் சீவி எச்8 கூட்டில் எச்11-ஐ மாட்டித் தருவார்கள், பிரமாதமாக எரியும், கொஞ்ச நாளில் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு பல்புக்கு மேலே மட்டும் மங்கிப் பழுப்பாகும்.

அப்போ எல்இடி போட்டால் சூடே இல்லையே என்று கேட்பீர்கள். இருக்கிறது, இடம்தான் மாறுகிறது. ஹாலஜன் தன் சூட்டில் பெரும்பகுதியை வெளிச்சத்தோடு சேர்த்து முன்பக்கம் வீசிவிடும், அதனால்தான் லென்ஸில் படியும் பனியும் காய்கிறது. எல்இடியின் சூடு பின்னால் ஹீட் சிங்கில், அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகக் கட்டையில், தேங்கும். அதை ரப்பர் மூடிக்குள் திணித்து அடைத்தால், அல்லது குட்டி ஃபேனில் டில்லிப் புழுதி அடைத்துக்கொண்டால், போட்ட பத்து நிமிடத்தில் வெளிச்சம் தானாகக் குறையும். அது பல்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது, அந்த வசதி இல்லாத மலிவு பல்ப் நேராகச் செத்துப்போகும்.

எல்இடி போட்டதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்தால், பழைய பல்ப் அளவுக்குக் கரண்ட் போகிறது என்று வண்டியை நம்பவைக்க ஒரு தங்க நிற அலுமினிய ரெசிஸ்டரை இணைப்பார்கள், கவனம். 6 ஓம் ரெசிஸ்டர் இஞ்சின் ஓடும்போது 30 வாட் சூட்டை ஒரு விரல் அளவு கட்டையில் கக்கும். அதைப் பலர் டேப் சுற்றி வயர்க் கட்டோடு கட்டிவிடுகிறார்கள். எதுவும் உரசாமல், வெறும் இரும்பில் ஸ்க்ரூ போட்டுத்தான் பிடிக்க வைக்க வேண்டும்.

எந்த பல்ப் போட்டிருந்தாலும் நீளப் பயணத்துக்கு முன் இதைச் செய்து பாருங்கள். இஞ்சினை ஓடவிட்டு, வண்டியை நிறுத்திய இடத்திலேயே இருபது நிமிடம் ஃபாக் லைட்டை எரியவிடுங்கள். எரிந்துகொண்டிருக்கும்போதே வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரியில் ஒருமுறை, கனெக்டரின் பின்பக்கம் ஒருமுறை வைத்துப் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ சூடாகிறது. அப்புறம் லைட்டை அணைத்துவிட்டு, பல்பைத் தொடாமல், கனெக்டரிலிருந்து நாலு விரல் தள்ளி வயரைப் பிடியுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே பழைய வாட் பல்பை மாட்டிவிட்டு லென்ஸைத் துடைத்து, லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள். பனியில் எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி தெரிவது மேலே போகும் வெளிச்சம்தான், எனக்கு 55 வாட்டிலேயே அது அப்படித்தான் சரியானது.