முன்பக்கத் தேதியை நம்பி ஏமாறாதீர்கள்: அட்டைப்படப் போஸ்ட்கார்டு சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயரமான தொப்பி, விறைத்த காலர், ஒற்றைக் கண்ணாடி. அதன் வழியே ஒரு வண்ணத்துப்பூச்சியை உற்றுப் பார்க்கும் கனவான். ரியா இர்வின் வரைந்த இந்த அட்டைப்படத்தோடுதான் ‘தி நியூயார்க்கர்’ என்ற அமெரிக்க இதழ் 1925 பிப்ரவரி 21-இல் தொடங்கியது. அந்த அட்டை போஸ்ட்கார்டாக அச்சாகும்போது அதிலுள்ள தேதியும் 15 சென்ட் என்ற விலையும் கூடவே வந்துவிடுகின்றன. கையில் எடுப்பவர் அதை நூறு வருஷத்துக் கார்டு என்று நினைத்து, கேட்ட விலையைக் கொடுத்துவிடுகிறார். நான் பார்த்தவரை, இந்தச் சேகரிப்பில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

முன்பக்கத்தில் இருப்பது பத்திரிகையின் தேதி. கார்டின் வயது தெரிய வேண்டுமானால் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்கோடு, இணைய முகவரி, புத்தகங்களுக்குத் தரப்படும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண் இருந்தால் அது அண்மைக்கால மறுஅச்சு. அந்த 13 இலக்க எண் 2007-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கப் பதிப்பாளரின் முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு (நம்மூர் பின்கோடு போன்றது) இருந்தால் கார்டு 1963-க்கு முந்தையதாக இருக்க முடியாது. இன்னும் பழைய கார்டுகளில் நடுக்கோட்டைப் பாருங்கள். ஒரு பாதியில் செய்தி, மறுபாதியில் முகவரி எழுதும் முறையை பிரிட்டன் 1902-இலும், பிரான்ஸ் 1904-இலும், ஜெர்மனி 1905-இலும், அமெரிக்கா 1907-இலும் அனுமதித்தன. அதற்கு முன் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே.

இதைப் படித்துவிட்டு, எல்லாமே மறுஅச்சு என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். 1896-இல் மியூனிக்கில் தொடங்கிய ‘யூகெண்ட்’ இதழின் ஓவியங்கள் அந்தக் காலத்திலேயே போஸ்ட்கார்டுகளாக வெளிவந்தன. ஆர்ட் நூவோ என்ற, வளைந்து நெளியும் கோடுகள் கொண்ட ஓவிய பாணியின் ஜெர்மானிய வடிவத்துக்கு ‘யூகெண்ட்ஷ்டில்’ என்று பெயர் வந்ததே இந்த இதழால்தான். அப்படி ஒரு கார்டு பழைய பெட்டியில் கிடைத்து, அதைப் புது மறுஅச்சு என்று நினைத்து ஒதுக்கிவிட்டால் அந்த நஷ்டம் இன்னும் பெரியது.

பூதக்கண்ணாடியில் புள்ளிகள் தெரிந்தால் போலி என்பது பரவலான ஒரு தவறான நம்பிக்கை. அசல் பத்திரிகைகளும் பெரும்பாலும் புள்ளிகளால்தான் அச்சிடப்பட்டன. பார்க்க வேண்டியது எழுத்துகளை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற சிறு பூதக்கண்ணாடியை இதழின் பெயர் மீது வையுங்கள். நேரடியாக அச்சான கறுப்பு எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ஏற்கெனவே அச்சான அட்டையை ஸ்கேன் செய்து எடுத்த கார்டில் அதே எழுத்தும் சிவப்பு, நீலம், மஞ்சள் புள்ளிகளாகச் சிதறி ஓரம் மங்கியிருக்கும். ஒரு முறை பார்த்துவிட்டால் கண் மறக்காது. இருட்டறையில் புறஊதா விளக்கும் உதவும். 1950-க்குப் பிறகு பரவலான வெண்மையூட்டி கலந்த காகிதம் நீல வெள்ளையாக ஒளிரும். ஒளிர்ந்தால் கார்டு பழையதல்ல என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஒளிராததை மட்டும் வைத்துப் பழையது என்று சொல்லிவிட முடியாது.

வெட்டுப்பட்ட படத்தைக் கவனிக்காமல் வாங்குவது அடுத்த தவறு. பத்திரிகை அட்டையின் நீள அகலம் வேறு, நாலுக்கு ஆறு அங்குலக் கார்டின் விகிதம் வேறு. வெள்ளை ஓரம் விட்டால் படம் முழுதாக இருக்கும். ஓரம் வரை நிரப்பினால் எங்கோ ஒரு பக்கம் போகும், பல சமயம் கீழ் மூலையில் இருக்கும் ஓவியரின் கையெழுத்தே போய்விடும். அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் 1916 முதல் 1963 வரை ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் வரைந்தார். கையெழுத்து போன ராக்வெல் கார்டை நான் வாங்க மாட்டேன்.

நியூயார்க்கின் ஒன்பதாவது அவென்யூவில் நின்று பார்த்தால் உலகம் எப்படித் தெரியும் என்று ஓவியர் சால் ஸ்டைன்பர்க் வரைந்த ‘தி நியூயார்க்கர்’ இதழின் 1976 மார்ச் 29 அட்டைக்கு எத்தனையோ ஊர்களின் பெயரில் நகல்கள் உண்டு. நகலை அசல் என்று வாங்கிவிடாதீர்கள். அந்த அட்டையை ஒட்டி ஒரு திரைப்பட விளம்பரம் வந்தபோது ஸ்டைன்பர்க் வழக்குப் போட்டார், 1987-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. பிடித்த அட்டைகளை வீட்டில் பிரிண்ட் எடுத்து விற்க நினைப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்க இதழ்களின் படங்களுக்குக் காப்புரிமை, வெளியான நாளிலிருந்து 95 ஆண்டுகள் வரை நீடிக்கலாம்.

பாதுகாப்பில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். மெத்தென்று வளையும் பிவிசி ஆல்பத்தில் இருபது கார்டுகளைச் செருகி வைத்திருந்தேன். சில வருஷம் கழித்து ஒன்றை இழுத்தபோது ‘சர்’ரென்று ஒரு சத்தம். படத்தில் இருந்த பெண்ணின் சிவப்புத் தொப்பி பாதி உறையிலேயே தங்கிவிட்டது. பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் மெல்லக் கசிந்து மையை இளக்கிவிடுகிறது. புது ஷவர் திரை போல வாடை அடிக்கும் உறையைத் தொடாதீர்கள். பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று போட்டிருக்கும் உறைகளை வாங்குங்கள். பசைத்தாள் ஆல்பம், ரப்பர் பேண்டு, செலோடேப் மூன்றும் வேண்டவே வேண்டாம். குறிப்பு எழுத மென்மையான பென்சில் போதும். முன்பு யாரோ எழுதியதை அழிக்க ரப்பரை எடுக்காதீர்கள், அதுவும் கார்டின் வரலாறுதான்.

சுவரில் மாட்டுவதானால் வெயில் படாத சுவர். அச்சு மைகளில் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் வெளுக்கும், மிஞ்சுவது நீலம் பாய்ந்த சோகையான படம்.

பெட்டியாக வரும் தொகுப்புகளை முதலீடு என்று எண்ணி வாங்குவதும் சரியல்ல. ‘தி நியூயார்க்கர்’ அட்டைகள் நூறு கொண்ட பெட்டியும் ‘வோக்’ ஃபேஷன் இதழின் அட்டைகள் நூறு கொண்ட பெட்டியும் ஏராளமாக அச்சிடப்பட்டவை. விற்கும் எண்ணம் இருந்தால் நூறும் குறையாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் தயங்காமல் எழுதி அனுப்புங்கள். வழுவழுப்பான பின்பக்கத்தில் ஜெல் பேனா கலைந்துவிடும், பால்பாயின்ட் நிற்கும். கசங்காமல் போய்ச்சேர வேண்டுமென்று கவருக்குள் போட்டால் கார்டின் மேல் முத்திரை விழாது. நான் நேராகத் தபால்தலை ஒட்டித்தான் அனுப்புகிறேன். அப்போதுதான் 1925 என்று முகப்பில் போட்டிருக்கும் கார்டின் முதுகில் அதற்கே உரிய ஒரு தேதி விழும்.