நீலகிரிக்கு வரும் ஈழத்து உறவுகளுக்கு: எந்த அரசிடம் எதைக் கேட்பது

போரில் வீட்டையும் காணியையும் விட்டு வந்தவருக்கு அரசு செய்வது தருமம் இல்லை, கடமை. மனு கொடுக்கப் போகும்போது இது மனதில் இருக்கட்டும். ஆனால் கடமைப்பட்ட அரசு ஒன்றல்ல. காணிக்கும் காணாமற்போனவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியது கொழும்பு. இங்கே நீங்கள் எந்தத் தகுதியில் இருக்கிறீர்கள் என்று தீர்மானிப்பது டெல்லி. உதவித்தொகை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் சென்னையின் பொறுப்பு. கொழும்பிடம் கேட்க வேண்டியதை ஊட்டி கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் வருடங்கள்தான் போகும்.

முதலில் சொற்கள். அங்கே கிராம சேவகர் என்றால் இங்கே வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்). பிரதேச செயலகம் செய்கிற வேலையில் பெரும்பகுதி இங்கே தாலுகா ஆபீஸில் நடக்கும். கச்சேரி என்று சொன்னால் யாருக்கும் விளங்காது, கலெக்டர் ஆபீஸ் என்று கேளுங்கள். காணி உறுதி இங்கே பத்திரம். பட்டா என்பது அதுவல்ல, வருவாய்த் துறைப் பதிவு.

நீங்கள் யார் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்

நீலகிரியில் 'சிலோன்காரங்க' என்று பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் தாயகம் திரும்பியோரை, அதாவது இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட இந்திய வம்சாவளித் தமிழரை. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் வந்தது. அதுவே பிறகு குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீ ஆனது.

உங்கள் தாத்தா பாட்டி அந்த வழியில் வந்தவர்கள் என்றால் நீங்கள் அகதி இல்லை, இந்தியக் குடிமகன். கண்டியில் கொடுத்த இந்திய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும்தான் உங்கள் வேர். 'இலங்கை' என்று காதில் விழுந்ததுமே விண்ணப்பத்தில் 'அகதி' என்று எழுதிவிடுகிற தவறு நடக்கும். எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு சொல் தவறினால் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் வரை அது துரத்தும்.

1983க்குப் பின் போரால் வந்தவர்கள் நிலை வேறு. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. ஆனாலும் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு குடிமகனுக்கு மட்டும் உரியதல்ல, இந்த மண்ணில் இருக்கிற எவருக்கும் உரியது. 1996இல் சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்கு அளித்தது. இது குடியுரிமை அல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் பதிவு இருந்தால்தான் விலக்கு. அதனால்தான் பதிவில்லாமல் மலையில் ஏதோ ஒரு எஸ்டேட்டில் ஒதுங்கி இருப்பதை வேண்டவே வேண்டாம் என்கிறோம்.

வீட்டில் யாராவது 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்களா? பெற்றோர் யாராக இருந்தாலும் அவர்கள் பிறப்பால் இந்தியக் குடிமக்கள். முகாமில் பிறந்தாலும் அப்படித்தான். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒருவருக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த நாளைத் தாண்டிப் பிறந்த பிள்ளைக்கு இந்த வழி இல்லை. அந்தப் பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்துவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும், தாமதமானால் அதற்குத் தனி அனுமதி கேட்க வேண்டிவரும். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் ஒரு பிள்ளை வளர்வதைப் போன்ற கொடுமை வேறில்லை.

பணமும் வீடும்

2021இல் தமிழக அரசு அறிவித்தபடி மாத உதவி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 500. இது மறுவாழ்வு முகாமில் பதிவுள்ள குடும்பங்களுக்கு மட்டும். மலையில் வாடகைக்கு இருப்பவருக்கு வராது. முகாமை விட்டு வர நினைப்பவர்கள் கோத்தகிரி வாடகையையும் இழக்கிற தொகையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியில்லாமல் இந்தியாவில் நிலமோ வீடோ வாங்க முடியாது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகை மட்டும் எடுக்கலாம். தெரிந்தவர் பெயரில் வாங்கிப் போடுங்கள் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், காசு போனால் கேட்க நாதியில்லை. குடியுரிமை உள்ளவர்களும் கூடலூர், பந்தலூரில் நிலம் பார்க்கும்போது 'செக்ஷன் 17 நிலமா?' என்று முதலில் கேளுங்கள். 1969 ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் சிக்கிய இடங்களுக்குப் பட்டா கிடைக்காது, கரண்ட் இணைப்பும் பெரும்பாடு. தோட்ட வேலையோடு வரும் லைன் வீடும் உங்களுடையது அல்ல. வேலை முடிகிற அன்று அதைக் காலி செய்யச் சொல்வார்கள்.

ஆறிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளையை வயதுச் சான்று இல்லை என்று பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 14ஆம் பிரிவு என்று சொன்னால் போதும்.

காகிதம்

கூடலூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. பீரோவில் வைத்த உறுதியில் ஒரே பருவத்தில் பூஞ்சணம் பிடிக்கும், மடிப்பில் மை கலங்கும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் ஈரம் உள்ளேயே நின்று இன்னும் மோசமாகும். லேமினேஷன் செய்யவே கூடாது. பின்பக்கத்து முத்திரையைத் தொட்டுப் பார்க்க முடியாவிட்டால் சான்றொப்பம் போடமாட்டார்கள். மடிக்காமல் தகர டப்பாவில் வைத்து, வெயில் வருகிற நாளில் நிழலில் காற்றாட விடுங்கள்.

உறுதியில் காணிப் பதிவகத்தின் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இருக்கும். அந்த இரண்டையும் தனித்தாளில் எழுதி, போனிலும் படமெடுத்து வையுங்கள். உறுதியே தொலைந்தாலும் இவற்றைக் கொண்டு பதிவகத்தில் நகல் எடுக்கலாம். 'பரப்பு' என்ற அங்குள்ள நில அளவை இங்குள்ள கணக்குக்கு மாற்றி மனுவில் எழுதாதீர்கள். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே ஒரு பரப்பு 6.25 சென்ட் என்று தெரிந்து வைத்திருந்தால் போதும். உறுதியில் 'நாலு பரப்பு, வடக்கே ஒழுங்கை' என்றிருந்தால் மனுவிலும் அப்படியே இருக்கட்டும். பெயரும் அதுபோல. அங்கே முழுப்பெயர், இங்கே இனிஷியல் என்று இரண்டு விதமாக நின்றால் ஒரே ஆளை இரண்டு பேராகப் பார்ப்பார்கள்.

கொழும்பு தர வேண்டியது

உறுதிக் காணி வேறு, அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி வேறு. பின்னதற்குப் பிரதேச செயலகம்தான் வாசல். இராணுவம் பிடித்து வைத்திருக்கும் காணி என்றால் உரிமையாளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே விசாரிக்கச் சொல்லுங்கள். வலிகாமம் வடக்கில் 1990இல் எழுந்து போனவர்களில் இன்னும் திரும்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான 1998 ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகளில் 29ஆவது, திரும்பி வந்தவர்கள் காணியை மீட்க உதவுவது, முடியாவிட்டால் இழப்பீடு கிடைக்கச் செய்வது அதிகாரிகளின் கடமை என்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

இழப்பீட்டுக்கென 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த அலுவலகம் உண்டு. காணாமற்போனவர்களுக்கான அலுவலகம் 2016ஆம் ஆண்டின் சட்டத்தில் வந்தது. மகன் இறந்தான் என்று கையெழுத்திட எந்தத் தாயையும் யாரும் வற்புறுத்தக் கூடாது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் கேட்கலாம். அதை வைத்துச் சொத்து விஷயங்களைப் பார்க்க முடியும்.

நேரில் போக முடியாதவர்கள் ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம் (இங்கே பவர் பத்திரம்) கொடுக்க வேண்டும். கூடலூர் நோட்டரி போட்ட கையெழுத்து மட்டும் அங்கே செல்லாது, சென்னைத் துணைத் தூதரகத்தின் சான்றும் வேண்டும். அதில் 'விற்கும் அதிகாரம்' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து, வேண்டாமென்றால் நீக்கச் சொல்லுங்கள். இந்த ஆள் ஊரில் இருப்பது ஏன் அவசியம் என்றால், 2025 மார்ச்சில் வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரசுக் காணியாகும் என்று வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) வந்தது. எதிர்ப்புக்குப் பிறகுதான் திரும்பப் பெற்றார்கள். அப்படி ஒரு அறிவிப்பு மறுபடி ஒட்டப்பட்டால் பார்த்துச் சொல்ல, மாதம் ஒருமுறை பிரதேச செயலகத்தின் அறிவிப்புப் பலகை வரை அவர் போய் வரட்டும்.