"ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்க"ன்னு யாராவது ஆரம்பிச்சா என்ன பண்ணணும்

ஃபோன் பசங்க மூளையை அரிச்சுடுது, ஏஐ யூஸ் பண்ணா யோசிக்கிற சக்தியே போயிடும், இப்ப மனுஷனோட கவனம் தங்கமீனைவிடக் கம்மி, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு கற்றல் ஸ்டைல் (ஒண்ணு பார்த்துக் கத்துக்கும், இன்னொண்ணு கேட்டுக் கத்துக்கும்). இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு வாரத்துக்கு நாலு தடவையாவது கண்ணுல படுது, கூடவே "ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்க"ன்னு ஒரு வாலும் ஒட்டியிருக்கும். அந்த வாலைப் பார்த்ததும் பாதிப் பேர் தலையாட்டிடறாங்க, மீதிப் பேர் "சைக்காலஜியே டுபாக்கூர்"னு ஒரே போடா போட்டுட்டுக் கிளம்பிடறாங்க. என்னைக் கேட்டா ரெண்டுமே சோம்பேறித்தனம்தான். பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், பத்து பதினஞ்சு நிமிஷம் ஒதுக்கினா இதுல பெரும்பாலானதை நம்மளே எடை போட்டுடலாம், எப்படின்னு சொல்றேன்.

முதல்ல, சொன்ன விஷயத்தைப் பிச்சுப் பாருங்க. "ஸ்கூல்ல ஃபோனைத் தடை பண்ணணும்"னு ஒருத்தர் சொல்றார்னு வைங்க, அந்த ஒரு வரிக்குள்ள மூணு விஷயம் இருக்கு: வகுப்புல ஃபோன் இருந்தா மார்க் குறையுதா, பசங்க மனசு பாதிக்கப்படுதா, அப்புறம் இதை முடிவு பண்ண வேண்டியது ஸ்கூலா பெத்தவங்களா. முதல் ரெண்டுக்கு டேட்டா தேடலாம். மூணாவதுக்கு எந்த ஸ்டடியும் பதில் சொல்லாது, அது அவங்கவங்க எதைப் பெருசா நினைக்கிறாங்கங்கிறதைப் பொறுத்தது. எதிர்ல இருக்கிறவர் மூணாவதுக்காகச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கும்போது நீங்க முதலாவதுக்கு லிங்க் மேல லிங்க்கா போட்டா விடிய விடிய பேசினாலும் முடியாது.

அடுத்தது, படிச்சுக்கிட்டு இருக்கிற பக்கத்தை விட்டு வெளிய வாங்க. ஸ்டான்ஃபோர்ட்ல சாம் வைன்பர்க், சேரா மெக்ரூன்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு பண்ணாங்க: வரலாற்றுல பிஎச்டி முடிச்சவங்க, காலேஜ் பசங்க, தொழிலாவே ஃபேக்ட் செக் பண்றவங்க, இந்த மூணு தரப்பையும் உக்கார வச்சு முன்னப்பின்ன தெரியாத வெப்சைட்டை எடை போடச் சொன்னாங்க. படிச்ச மேதைங்க அந்தப் பக்கத்துலயே மேலயும் கீழயும் போய், டிசைன், லோகோ, மேற்கோள் எல்லாம் பார்த்து ஏமாந்தாங்க. ஃபேக்ட் செக்கருங்க சட்டுனு புது டேப் திறந்து, இந்த ஆளுங்க யாரு, மத்தவங்க இவங்களைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு தேடிட்டாங்க. கம்மி நேரத்துல சரியான முடிவுக்கு வந்தது அவங்கதான். நீங்களும் அதையே பண்ணுங்க. தேடும்போது விஷயத்தோட பேரை மட்டும் போட்டா அதே கதை திரும்பத் திரும்ப வரும், கூட 'ரிப்ளிகேஷன்' (replication, அதே ஆய்வைத் திரும்பப் பண்ணிப் பார்க்கிறது), 'மெட்டா அனாலிசிஸ்' (meta-analysis, பல ஆய்வுகளோட முடிவைச் சேர்த்து அலசறது)ங்கிற வார்த்தைகளை இங்கிலீஷ்ல சேர்த்துப் போடுங்க, அப்பதான் எதிர்க்கட்சி பேசறதும் வெளிய வரும்.

தேடி வேர் வரைக்கும் போகணும், இதுலதான் சுவாரஸ்யமே இருக்கு, ஏன்னா பல தடவை வேரே இருக்காது. தங்கமீன் கதையை எடுத்துக்குங்க. 2000ல 12 செகண்டா இருந்த மனுஷக் கவனம் 8 செகண்டுக்கு வந்துடுச்சு, தங்கமீனுக்கு 9 செகண்டுன்னு ஊரெல்லாம் பரவினது 2015ல மைக்ரோசாஃப்ட் கனடா வெளியிட்ட ஒரு மார்க்கெட்டிங் ரிப்போர்ட்ல இருந்து. அவங்களே அளந்த நம்பர் இல்ல அது, ஸ்டாட்டிஸ்டிக் பிரெய்ன்னு ஒரு வெப்சைட்ல இருந்து எடுத்தது. அங்கேருந்து மேல போய்த் தேடின பத்திரிகைக்காரங்களுக்கு அந்த நம்பருக்குப் பின்னாடி எந்த ஆய்வும் கிடைக்கல. பாவம் தங்கமீன், அதை வச்சு விஞ்ஞானிங்க பல வருஷமா ஞாபகசக்தி ஆராய்ச்சியே பண்ணிக்கிட்டு இருக்காங்க, கத்துக்கிட்டதை அது மாசக்கணக்குல ஞாபகம் வச்சுக்குது.

டீச்சர் ட்ரெய்னிங்ல எல்லாம் காட்டுவாங்களே, படிச்சா 10 சதவீதம் நிக்கும், கேட்டா 20, செஞ்சா 90ன்னு ஒரு பிரமிட், அதுவும் இதே ரகம்தான். அதுக்கு எட்கர் டேல்னு ஒரு அமெரிக்கக் கல்வியாளர் பேரைச் சொல்வாங்க, அவர் 1946ல ஒரு கூம்பு வரைஞ்சது உண்மை, ஆனா அதுல சதவீதமே கிடையாது, நம்பர் எல்லாம் பின்னாடி யாரோ ஒட்டினது. ஒரு சின்ன அடையாளம் சொல்றேன்: நம்பர் பத்து, இருபது, முப்பதுன்னு இவ்வளவு அழகா வரிசை கட்டி வந்தா சந்தேகப்படுங்க, மனுஷங்களை வச்சு அளக்கிற டேட்டா அப்படி ரவுண்டா வராது.

சில சமயம் வேர் இருக்கும், ஆனா அதுல காய்ச்சது வேற. பேச்சுல வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55ன்னு கம்யூனிகேஷன் ட்ரெய்னருங்க சொல்றது ஆல்பர்ட் மெஹ்ரபியன்ங்கிற சைக்காலஜி பேராசிரியர் 1967ல பண்ண ரெண்டு சோதனையில இருந்து வந்தது. அவர் பார்த்தது, ஒருத்தர் ஒத்தை வார்த்தை சொல்லும்போது வார்த்தையும் குரலும் முகமும் ஒண்ணுக்கொண்ணு முரண்பட்டா, பிடிச்சிருக்கா பிடிக்கலையாங்கிற உணர்ச்சியைக் கேக்கறவங்க எதை வச்சு ஊகிக்கிறாங்கன்னுதான். இதை எடுத்து எல்லாப் பேச்சுக்கும் பொருத்தினா, வேற பாஷை படத்தைச் சப்டைட்டில் இல்லாமப் பார்த்தே 93 சதவீதம் புரிஞ்சுக்கணும். 21 நாள்ல பழக்கம் வந்துடும்ங்கிறதும் அப்படித்தான், மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், பேஷன்டுங்க புது முகத்துக்குப் பழக குறைஞ்சது மூணு வாரம் ஆகுதுன்னு 1960ல எழுதினதோட நிழல் அது. பிலிப்பா லாலி குழு லண்டன்ல 96 பேரை வச்சு நிஜமாவே அளந்தப்ப, அவங்க கணக்குப்படி ஆளைப் பொறுத்து 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் போச்சு, நடு மதிப்பு 66.

சரி, வேர் கிடைச்சுடுச்சு, நிஜமான ஸ்டடிதான். இப்ப அப்ஸ்ட்ராக்டை, அதாவது கட்டுரையோட தொடக்கத்துல இருக்கிற சுருக்கத்தை மட்டும் திறந்து யாரை வச்சு, எத்தனை பேரை வச்சு, எதோட ஒப்பிட்டு, எவ்வளவு நேரம் கழிச்சு அளந்தாங்கன்னு பாருங்க. ஹெட்லைன் பொய்யாகறது பெரும்பாலும் இங்கதான். மொஸார்ட் கேட்டா குழந்தை புத்திசாலி ஆகும்ங்கிற கதைக்கு மூலம் 1993ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்த ஒரு பக்கக் கட்டுரை, அதுல கலந்துக்கிட்டது 36 காலேஜ் பசங்க, இசை கேட்டது பத்து நிமிஷம், பலன் தெரிஞ்சது இடம் வடிவம் சம்பந்தப்பட்ட ஒரு டெஸ்ட்ல மட்டும், அதுவும் கால் மணி நேரத்துக்குள்ள போயிடுச்சு. குழந்தைங்கிற பேச்சே அதுல இல்ல. ஆனா 1998ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநில கவர்னர் ஜெல் மில்லர், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் கிளாசிகல் இசை கொடுக்க பட்ஜெட்லயே பணம் கேட்டார்.

இப்ப ஓடிக்கிட்டு இருக்கிற ஏஐ சண்டைக்கும் இதே கேள்விங்கதான். 2025 ஜூன்ல எம்ஐடி மீடியா லேப்ல இருந்து ஒரு ப்ரீபிரிண்ட் (இதழ்ல வர்றதுக்கு முன்னாடியே வெளியிடற ஆய்வுக் கட்டுரை) வந்துச்சு, சாட்ஜிபிடி வச்சு கட்டுரை எழுதினவங்க மூளையில இணைப்பு கம்மியா தெரிஞ்சதுன்னு. அடுத்த நாளே "ஏஐ மூளையை அழுக வைக்குது"ன்னு போஸ்ட் பறக்க ஆரம்பிச்சுடுச்சு. கலந்துக்கிட்டது மொத்தம் 54 பேர், கடைசி ரவுண்டுக்கு வந்தது 18 பேர், வெளிவந்தப்ப வேற நிபுணருங்க யாரும் பரிசீலனை பண்ணியிருக்கல. "முட்டாளாக்குது, மூளை அழுகல்"ங்கிற மாதிரி வார்த்தையெல்லாம் தயவுசெஞ்சு போடாதீங்கன்னு ஆய்வாளருங்களே கேட்டுக்கிட்டாங்க, யார் கேட்டா.

இதையே துருக்கில ஹைஸ்கூல் கணக்குப் பாடத்துல கிட்டத்தட்ட ஆயிரம் பசங்களை வச்சுப் பண்ண பரிசோதனையோட வச்சுப் பாருங்க. சாதாரண சாட்ஜிபிடி மாதிரி ஒண்ணைக் கொடுத்தப்ப பயிற்சிக் கணக்குல 48 சதவீதம் நல்லாப் போட்டாங்க, அதைப் பிடுங்கிட்டுப் பரீட்சை வச்சா, அது கையில கிடைக்கவே கிடைக்காத பசங்களைவிட 17 சதவீதம் மோசம். ஆனா நேரடியா விடையைச் சொல்லாம குறிப்பு மட்டும் கொடுக்கிற மாதிரி மாத்தி அமைச்ச டியூட்டரைக் கொடுத்தப்ப பயிற்சியில 127 சதவீதம் கூடுச்சு, பரீட்சையில அந்தச் சரிவும் பெருமளவு காணாமப் போச்சு. ஆக ஏஐ நல்லதா கெட்டதான்னு கேக்கறதே தப்பான கேள்வி, யார் கையில என்ன மாதிரி கொடுத்தாங்கன்னுதான் கேக்கணும். இது ஒண்ணைக் கேட்டாலே பாதி வாக்குவாதம் வேற திசைக்குத் திரும்பிடும், நல்ல திசைக்கு.

அப்புறம் சைஸ். "தொடர்பு இருக்கு"ன்னு எழுதினா எவ்வளவுன்னு கேளுங்க. ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2019ல மூணரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீனேஜ் பசங்க டேட்டாவை அலசி, பசங்க மனநலத்துல இருக்கிற ஏற்றத்தாழ்வுல டிஜிட்டல் பயன்பாடு விளக்கறது அதிகபட்சம் 0.4 சதவீதம்னாங்க, உருளைக்கிழங்கு சாப்பிடறதுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்புதான் இருந்துச்சு. இதைத் தூக்கிக்கிட்டு "பார்த்தியா, ஃபோன் ஒண்ணுமே பண்ணாது"ன்னு குதிக்கவும் கூடாது, அது சராசரி, பசங்களே சொன்ன கணக்கு, ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டு இருக்கிற ஒரு பையனைப் பத்தி அது எதுவும் சொல்லல. ஃபோன்தான் பசங்க மனசைக் கெடுக்குதுன்னு ஜொனாதன் ஹைட் ஒரு பக்கம், அதுக்கு ஆதாரம் பத்தாதுன்னு கேண்டிஸ் ஆட்ஜர்ஸ் ஒரு பக்கம்னு துறைக்காரங்களே 2024ல இதுக்காகப் பகிரங்கமா மோதிக்கிட்டாங்க. நிபுணருங்களே ரெண்டுபட்டு நிக்கிற இடத்துல "நிரூபிச்சாச்சு"ன்னு எந்தப் பக்கத்துக்காரர் சொன்னாலும் நம்பாதீங்க, உங்க பக்கத்துக்காரர் சொன்னாலும்.

இன்னொரு வியாதி இருக்கு, எதைச் சொன்னாலும் "கோரிலேஷன் வேற காஸேஷன் வேற", அதாவது ரெண்டும் சேர்ந்து வர்றதாலயே ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆகிடாதுன்னு சொல்லிட்டு ஜெயிச்ச மாதிரி போறது. சிகரெட்டுக்கும் கேன்சருக்கும் தொடர்பை யாரும் மனுஷங்களைக் குலுக்கல் போட்டுப் பிரிச்சு பிடிக்க வச்சு நிரூபிக்கல, பல திசையில இருந்து வந்த ஆதாரம் சேர்ந்துதான் நிரூபணம் ஆச்சு. அதனால அந்த வாக்கியத்தோட நிறுத்தாதீங்க, பின்னாடி ஒளிஞ்சிருக்கிற மூணாவது காரணம் எதுவா இருக்கும்னு பேரைச் சொல்லுங்க. மார்ஷ்மெல்லோ டெஸ்ட்ல நடந்தது அதுதான். இன்னொண்ணு கிடைக்கும்னு கையில இருக்கிற மிட்டாயைத் திங்காம காத்திருந்த குழந்தை பின்னாடி நல்லாப் படிச்சுதுன்னு வால்டர் மிஷெல் குழு சொன்னதை 2018ல 900க்கு மேற்பட்ட குழந்தைங்க டேட்டாவுல திரும்பப் பார்த்தப்ப தொடர்பு பாதி அளவுதான் இருந்துச்சு, குடும்பப் பின்னணி மாதிரி விஷயங்களையும் கணக்குல சேர்த்தா அதுலயும் மூணுல ரெண்டு பங்கு கரைஞ்சு போச்சு.

திரும்பப் பண்ணிப் பார்த்தாங்களாங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச கேள்வி. 2015ல சயன்ஸ் இதழ்ல வந்த பெரிய முயற்சில 100 சைக்காலஜி ஆய்வுகளைத் திரும்பப் பண்ணப்ப, மூலத்துல 97 சதவீதம் 'பலன் உண்டு'ன்னது, மறுபடி பண்ணதுல 36 சதவீதம்தான் அப்படி வந்துச்சு. லேப்டாப்பைவிடக் கையால நோட்ஸ் எடுத்தா நல்லாப் புரியும்னு 2014ல வந்து ரொம்பப் பிரபலமானது கூட, 2021ல அதே முறையில திரும்பப் பண்ணப்ப நிக்கல. கற்றல் ஸ்டைலை 2008லயே ஹெரால்ட் பாஷ்லர் குழு அலசிப் பார்த்துட்டு, ஸ்டைலுக்கு ஏத்த மாதிரி பாடம் நடத்தினா நல்லா வரும்ங்கிறதுக்குப் போதுமான ஆதாரம் இல்லன்னு எழுதிட்டாங்க, இன்னும் கோர்ஸ் வித்துக்கிட்டுதான் இருக்காங்க. அதுக்காக மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில போடாதீங்க. திரும்பத் திரும்பப் படிக்கிறதைவிடப் புத்தகத்தை மூடி வச்சுட்டு ஞாபகப்படுத்திப் பார்க்கிறது நல்லா நிக்கும்ங்கிறது பல இடத்துல பல தடவை பண்ணியும் தாங்கி நிக்குது. ரோடிகர், கார்பிக் 2006ல பண்ணதுல அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்பப் படிச்சவங்க ஜெயிச்சாங்க, ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா தன்னையே சோதிச்சுக்கிட்டவங்க ஜெயிச்சாங்க.

எதிர்காலம் பத்தின ஆரூடத்துக்கு இதெல்லாம் வேலைக்காகாது. அங்க தேதியும் அளவுகோலும் மட்டும் கேளுங்க. சினிமா வந்து பாடப்புத்தகத்தைப் பெருமளவு காலி பண்ணிடும்னு எடிசன் 1922ல சொன்னார், 2012ல மூக் கோர்ஸ் (யார் வேணா சேரக்கூடிய ஆன்லைன் கோர்ஸ்) யுனிவர்சிட்டியையே மூடிடும்னாங்க. "எப்ப, எது எவ்வளவு குறைஞ்சா நீங்க சொன்னது சரின்னு வச்சுக்கலாம்?"னு கேட்டா பதில் வர்றது அபூர்வம்.

கடைசியா, பதில் எழுதறது. திருத்தினா அவங்க இன்னும் பிடிவாதமாயிடுவாங்கன்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, 2010ல வந்த ஒரு ஆய்வால பரவினது. அப்புறம் வுட், போர்ட்டர்னு ரெண்டு பேர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவங்களை வச்சு 52 விஷயத்துல தேடிப் பார்த்தப்ப அந்த எதிர்விளைவு அனேகமா எங்கயுமே தென்படல, சரியான தகவல் கொடுத்தா ஜனங்க ஓரளவு ஏத்துக்கத்தான் செய்யறாங்க. அதனால தைரியமா எழுதுங்க, ஆனா சரியான தகவலை முதல் வரியிலயே வைங்க, தப்பானதைத் தலைப்பு மாதிரி திரும்ப எழுதாதீங்க. பத்து ஓட்டை தெரிஞ்சாலும் பெரிய ஓட்டை ஒண்ணை மட்டும் சொல்லுங்க, பத்தும் சொன்னா அவர் அதுல பலவீனமானதைப் பிடிச்சுக்கிட்டு அதையே பேசுவார். "என் பையனை நான் பார்க்கிறேனே"ன்னு யாராவது சொன்னா ஸ்டடியைத் தூக்கி மூஞ்சில அடிக்காதீங்க, அவங்க பையனைப் பத்தி அவங்க சொல்றது சரியாவே இருக்கலாம், எல்லாப் பசங்களுக்கும்னு நீட்டும்போதுதான் பிரச்சனை. தெரிஞ்ச பெரியவர் குரூப்ல போட்டதுன்னா அங்க சொல்லாம தனி மெசேஜ்ல சொன்னா அவரே எடுத்துடுவார், அவருக்கும் சங்கடம் இல்ல. முகம் தெரியாதவர்கிட்டன்னா ரெண்டு தடவை எழுதினது போதும், அவர் மாறலைன்னாலும் ஒண்ணும் எழுதாம படிச்சுட்டுப் போறவங்க நிறைய பேர் இருப்பாங்க, உங்க லிங்க் அவங்களுக்குத்தான்.